மகள் வலது மூளைக்காரியாம், கணக்கு வராதாம்: இந்த ரிப்போர்ட்டை நம்பலாமா?

பத்தாவது அம்மா, திண்டுக்கல்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பத்தாவது முடித்திருக்கிறாள். தமிழ் 97, ஆங்கிலம் 92, கணக்கு 71, அறிவியல் 84, சமூக அறிவியல் 90. மொத்தம் 434. ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்பது எட்டாவதிலிருந்தே அவள் ஆசை. அதற்குப் பிளஸ் டூவில் கணக்கு இருந்தாக வேண்டும். பிளஸ் ஒன் விண்ணப்பம் கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. வீட்டில் பெரிய வாக்குவாதம்.

காரணம் ஒரு ரிப்போர்ட். இரண்டு வருடம் முன்பு ஒரு தனியார் சென்டரில் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து மூளையின் பலம் பலவீனம் சொல்கிறோம் என்றார்கள். 4,500 ரூபாய் கட்டினோம். வழவழ தாளில் 32 பக்கம் வந்தது. "இடது மூளை 38 சதவீதம், வலது மூளை 62 சதவீதம். கணிதமும் மொழியும் இடது மூளையின் வேலை, எனவே இரண்டும் சிரமம். ஓவியம், இசை, நடனம் பொருந்தும்" என்று அதில் இருக்கிறது. அவள் எழுதுவது இடது கையால் (சாப்பிடுவது மட்டும் வலது கை, மாமியார் பழக்கிவிட்டார்). "இடது கைக்காரர்கள் எல்லாம் வலது மூளைதான், இது உறுதி" என்று அங்கிருந்தவர் வேறு சொன்னார். இப்போது என் கணவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காமர்ஸ் சேர்க்கலாம் என்கிறார்.

மொழி சிரமம் என்றால் தமிழில் 97 எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அதைவிட ஒன்று மனதை அறுக்கிறது. அந்த ரிப்போர்ட்டை அவளும் படித்துவிட்டாள். முன்பெல்லாம் ஒரு கணக்கு வரவில்லை என்றால் அழித்து அழித்துப் போடுவாள். இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு அந்தப் பக்கம் வேலை செய்யாதும்மா" என்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மூளையில் ஒரு பக்கம் ஓங்கியிருப்பதை வைத்துத்தான் கணக்கும் மொழியும் வருகிறதா?

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை:

சகோதரி, முதலில் அந்த ரிப்போர்ட்டை எடுத்து அவள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்கு 22 வருடமாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். மூளையின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்பதை நான் தினமும் மனிதர்களிடம் நேரில் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு இடது பக்கம் முக்கியம் என்பது உண்மை. 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், "டான்" என்ற ஓர் அசையைத் தவிர வேறு எதுவும் பேச முடியாத ஒரு நோயாளியைப் பார்த்தார். அவர் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது இடது முன்பகுதி சிதைந்திருந்தது. அங்கிருந்து தொடங்கியது இந்த அறிவெல்லாம். வலது கைக்காரர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பேச்சு இடது பக்கம்தான். ஆனால் இடது கைக்காரர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு அது இடது பக்கமே இருக்கிறது. மிச்சம் மூன்று பேரில் சிலருக்கு வலது பக்கம், சிலருக்கு இரண்டு பக்கமும். அவர்களும் மற்றவர்களைப் போலவே பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். ஆக "இடது கை என்றால் வலது மூளை, இது உறுதி" என்று சொன்னவருக்கு முதல் பாடமே தெரியவில்லை.

ஒருவருக்குப் பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மருத்துவர்கள் என்ன பாடு பட்டார்கள் தெரியுமா? வலிப்பு நோய்க்கு மூளையில் அறுவை செய்யும் முன் அது தெரிந்தே ஆக வேண்டும். ஜுன் வாடா என்ற மருத்துவர் 1949-ல் ஒரு சோதனையை எழுதினார். நோயாளி விழித்திருக்கும்போதே கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு பக்க மூளைக்கு மட்டும் மயக்க மருந்து போகும். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். மருந்து போன பக்கத்துக்கு எதிர்க்கை பொத்தென்று விழும். அந்த நேரத்தில் எண்ணுவதும் நின்றுபோனால், பேச்சு அந்தப் பக்கம். விரல் ரேகையில் இது தெரியுமென்றால் யாராவது இவ்வளவு ஆபத்தான காரியத்தைச் செய்வார்களா? ரேகை, குழந்தை பிறக்கும் முன்பே உருவாகி அப்படியே நிற்பது. படிப்பும் பழக்கமும் மூளையில் என்ன செய்தன என்று அது எப்படிச் சொல்லும்?

இனி கணக்குக்கு வருகிறேன். போன வருடம் என்னிடம் ஒரு பெரியவர் வந்தார், அரிசி மண்டி வைத்திருந்தவர். இடது மூளையில் அடைப்பு. வலது கை தொங்கிப்போயிருந்தது. என்ன சொல்ல வந்தாலும் "அதான்... அதான்..." என்றுதான் வரும். பேரன் பெயர் வராது. நாற்பது வருடம் மனக்கணக்கிலேயே மண்டியை நடத்தியவர். அவரிடம் "ஏழெட்டு?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார், மூடினார், கண் கலங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் கணக்கும் போய்விட்டது என்றே முடிவு செய்திருந்தார்கள்.

ஒரு நாள் மேசையில் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்தேன். பக்கத்தில் ஒரு தாளில் 340 என்று எழுதினேன். நோட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். இடது கையால் பென்சிலைப் பிடித்து, கோணல்மாணலாக 160 என்று எழுதினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்து 7 × 8 என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு ஒரு எட்டு எழுதினார், அதன் கீழே இன்னொரு எட்டு, அப்படியே ஏழு எட்டை அடுக்கினார். இரண்டிரண்டாகக் கோடு போட்டுச் சேர்த்தார். 16, 32, 48 என்று ஓரத்தில் குறித்து, கடைசியில் 56. மூன்று நிமிடம் ஆகியிருக்கும். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவருக்குப் போனது வாய்ப்பாடு. பெயரிலேயே "வாய்" இருக்கிறது பாருங்கள். ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு என்று ராகம் போட்டு ஒப்பித்தது ஒரு பாட்டைப் போல மொழியோடு சேர்ந்தே பதிந்திருக்கிறது. பேச்சு போனபோது அதையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் 500 எவ்வளவு, 340 எவ்வளவு, நடுவில் இடைவெளி எவ்வளவு என்கிற உணர்வுக்கு, மூளையின் இரண்டு பக்கமும் உச்சிக்குச் சற்றுக் கீழே பின்புறமாக இருக்கும் மடிப்புகள் வேலை செய்கின்றன. ஒரு பக்கம் அடிபட்டாலும் மறுபக்கம் தாங்குகிறது. பிரான்ஸில் ஸ்தனிஸ்லாஸ் தெஹானும் அவரோடு இருந்தவர்களும் 1999-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: துல்லியமாகக் கூட்டிச் சொல்லும்போது மொழிப் பகுதிகள் கூட வருகின்றன, குத்துமதிப்பாகச் சொல்லும்போது இரண்டு பக்க மடிப்புகளும் வேலை செய்கின்றன.

பிரிட்டனில் ரோஸ்மேரி வார்லி குழுவினர் 2005-ல் பேச்சு கடுமையாகப் பாதிக்கப்பட்ட மூன்று ஆண்களைப் பற்றி எழுதினார்கள். ஒரு வாக்கியத்தில் யார் யாரை என்ன செய்தார் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆனால் கழித்தலில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் என்பதில் தடுமாறவில்லை, அடைப்புக்குறி வைத்த கணக்கும் போட்டார்கள். தமிழில் சொல்வரிசையைவிட "ஐ" தான் முக்கியம் என்பதால் நான் "புலி மானைத் துரத்தியது", "புலியை மான் துரத்தியது" என்று மாற்றிச் சொல்லிப் படத்தைத் தொடச் சொல்வேன். மண்டிக்காரர் இரண்டுக்கும் ஒரே படத்தைத்தான் தொட்டார். அன்றே அவர் 160 எழுதினார்.

வலது பக்கத்தையும் பாருங்கள். வலது மூளையில் பக்கவாதம் வந்த ஒரு பாட்டி இருந்தார். பேச்சு சரளம். ஆனால் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, எல்லாவற்றையும் ஒரே தொனியில் சொல்வார். "அவனுக்குக் கை நீளம்" என்று சொல்லி என்ன அர்த்தம் என்றேன். "எவ்வளவு நீளம்?" என்று திருப்பிக் கேட்டார். காலமெல்லாம் பழமொழியிலேயே பேசியவர் என்று மகள் சொல்லி அழுதார். அவரிடமே 352-ஐயும் 146-ஐயும் கீழே கீழே எழுதிக் கூட்டச் சொன்னேன். 98 என்று எழுதினார். இடது ஓரத்தில் இருந்த 3-ம் 1-ம் அவர் கண்ணுக்குப் படவே இல்லை. பார்த்த மட்டும் சரியாகக் கூட்டியிருந்தார்.

மொழிக்கும் வலது பக்கம் வேண்டும், கணக்குக்கும் வலது பக்கம் வேண்டும். இரண்டுக்கும் இடது பக்கமும் வேண்டும். "கணக்கு" என்று ஒற்றைச் சொல்லில் சொல்வதற்குள் எத்தனை வேலை அடங்கியிருக்கிறது! உங்கள் மகளுக்கு அடிபடாத, முழுசான மூளை இருக்கிறது. இரண்டு பாதிக்கும் நடுவில் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் பாலம் போட்டிருக்கின்றன. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் 7 முதல் 29 வயது வரையுள்ள 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். சில வேலைகள் ஒரு பக்கம் கூடுதலாக நடக்கின்றன, ஆனால் மூளை முழுக்க இடதாகவோ வலதாகவோ ஓங்கிய மனிதர்கள் என்று ஒரு வகை அதில் தென்படவில்லை.

கேள்விக்குறி, கோவை:

மேடம் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு சந்தேகம். ரோஜர் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு இந்த இடது மூளை, வலது மூளை ஆராய்ச்சிக்குத்தானே நோபல் பரிசு கொடுத்தார்கள்? அப்படியிருக்க எப்படிக் கட்டுக்கதை ஆகும்? இன்னொன்று, என் தம்பி மகன் அபாகஸ் வகுப்புக்குப் போகிறான். "வலது மூளையை எழுப்புகிறோம்" என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். இப்போது மூன்று இலக்கக் கூட்டலை நொடியில் சொல்கிறான்.

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை:

நல்ல கேள்வி. ஸ்பெர்ரிக்கு 1981-ல் நோபல் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அவர் சோதித்தது யாரை? கடுமையான வலிப்பை நிறுத்துவதற்காக, நான் சொன்ன அந்த நரம்புப் பாலத்தையே வெட்டி விட்டவர்களை. முதல் நோயாளிக்கு 1962-ல் லாஸ் ஏஞ்சலிஸில் அறுவை நடந்தது. இப்படிப்பட்டவர்களுக்குத் திரையின் இடது பாதியில் "சாவி" என்ற சொல்லும், வலது பாதியில் "வளையம்" என்ற சொல்லும் ஒரு கணம் தோன்றினால், வாய் "வளையம்" என்று மட்டும் சொல்லும். இடது கையோ மறைவில் இருக்கும் பொருட்களைத் தடவித் தடவிச் சாவியை எடுக்கும். திரையின் இடது பாதியில் தெரிவது வலது மூளைக்குப் போகும், இடது கையை இயக்குவதும் அதுதான்; பாலம் இல்லாததால் ஒரு பாதி கண்டது மறுபாதிக்குப் போகவில்லை. பேச முடியாத வலது பாதிக்கும் சொல்லைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்திருந்தது, இதைக் கவனியுங்கள். பாலம் நன்றாக இருக்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதை வைத்து 38, 62 என்று பங்கு பிரிக்க முடியாது. இந்த இடது-வலது பேச்சை இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஸ்பெர்ரியே எச்சரித்திருக்கிறார்.

அபாகஸ் பற்றி: பையன் வேகமாகக் கூட்டுகிறான் என்பதை நம்புகிறேன். குஜராத்தில் இப்படிப் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் எண்களை வாய்க்குள் சொல்லாமல் மணிச்சட்டத்தையே மனதில் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். அருமையான திறமை அது. வடோதராவில் மூன்று வருடம் தொடர்ந்து பார்த்ததில் கூட்டல் கழித்தலில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் ஞாபக சக்தி மாதிரியான அடிப்படைத் திறன்கள் கூடவில்லை. பிள்ளை பழகினான், பழகியது வந்தது. அவனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பாதி என்று எதுவும் இல்லை.

கணக்கு வாத்தியார், அரசு மேல்நிலைப் பள்ளி:

அம்மா, மூளையைப் பற்றி மேடம் சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது விடைத்தாள்.

71 என்பது எங்கே போன 29 என்று பார்க்காமல் யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. திருப்புதல் தேர்வு விடைத்தாள்கள் வீட்டில் இருக்குமே, எடுத்து வையுங்கள். மகளோடு உட்கார்ந்து, போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். கூட்டல் கழித்தல் குறி மாறியதா, கேள்வியே புரியவில்லையா, நேரம் போதவில்லையா, சூத்திரம் மறந்துவிட்டதா? முக்கியமாக அந்த இரண்டு எட்டு மார்க்கையும் பாருங்கள், செய்முறை வடிவியலும் வரைபடமும். ஆர்க்கிடெக்ட் ஆக ஆசைப்படுகிற பிள்ளைக்கு அதில் எவ்வளவு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அவளை ஒரு கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். தமிழில் 97 வாங்குகிறவள் வாக்கியக் கணக்கில் தடுமாறினால் அதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் இருக்கும், சொல்லும்போது அது வெளியே வந்துவிடும்.

பத்தாவது அம்மா, திண்டுக்கல்:

மேடம், சார், இருவருக்கும் கைகூப்பி நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையிலேயே மூன்று திருப்புதல் தேர்வுத் தாளையும் விரித்துவிட்டோம். 68, 73, 70. மூன்றிலும் சேர்த்துப் போனது 89 மதிப்பெண். அவளே சிவப்புப் பேனா எடுத்தாள். முதலில் சலிப்போடுதான் ஆரம்பித்தாள், பாதியில் அவளுக்கே சுவாரசியம் வந்துவிட்டது.

அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் உள்ளே இருக்கும் குறியை மாற்றாமல் விட்டதில் மட்டும் 31. நேரம் போதாமல் விட்டது 28. நிறுவுக கேள்விகளில் 22. மிச்சம் 8, அங்கே இங்கே. எட்டு மார்க் கேள்விகளில் மூன்று தாளிலும் 16-க்கு 16, சார்! வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்திருப்பது அச்சில் வந்தது போல இருக்கிறது.

நேரம் ஏன் போதவில்லை என்று சொல்லவைத்துப் பார்த்தோம். அந்த வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் மட்டும் ஒன்றேகால் மணி நேரம் எடுத்திருக்கிறாள். கோடு கொஞ்சம் தடித்தால் அழித்துவிட்டு மறுபடி வரைவாளாம். அதற்குப் பிறகு அவசர அவசரமாகப் போட்டதில்தான் குறி எல்லாம் தப்பியிருக்கிறது.

என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் அவரே, "இங்கயும் மைனஸ் மாத்தலடா" என்று சுட்டிக்காட்டினார். காமர்ஸ் பேச்சை எடுக்கவில்லை. மேடம் எழுதிய மண்டிக்காரர் கதையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தத் தாத்தா இப்ப எப்படி இருக்கார்னு கேளும்மா" என்றாள். திங்கட்கிழமை கணிதப் பிரிவுக்கு விண்ணப்பம் கொடுக்கப் போகிறோம். சார், இந்த விடுமுறையில் அவள் என்ன செய்யலாம்?

கணக்கு வாத்தியார், அரசு மேல்நிலைப் பள்ளி:

தினம் பத்து அடைப்புக்குறி கணக்கு, அதற்கு மேல் வேண்டாம். அடைப்பை நீக்கும் வரியைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள், மனதுக்குள் நீக்கக் கூடாது. வடிவியலுக்கு இருபது நிமிடம் கடிகாரம் வைத்து வரையட்டும். கோடு தடித்தால் தடிக்கட்டும், அதற்கு நாங்கள் மதிப்பெண் குறைப்பதில்லை. பிளஸ் ஒன் புத்தகம் கிடைத்ததும் முக்கோணவியல் பாடத்தை முதலில் புரட்டச் சொல்லுங்கள், வரையத் தெரிந்த பிள்ளைக்கு அது பிடிக்கும்.

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை:

தாத்தாவைக் கேட்ட பெண்ணுக்கு: அவருக்கு இன்னும் பேரன் பெயர் தனியாக வராது. ஆனால் கோயிலில் தினம் பாடிய பாட்டை ராகத்தோடு எடுத்துக் கொடுத்தால் வார்த்தை வார்த்தையாகக் கூடவே பாடுகிறார். அந்த மெட்டிலேயே பேரன் பெயரைக் கோத்துப் பயிற்சி கொடுத்து வருகிறேன், போன வாரம் பாதிப் பெயர் வந்தது. மண்டியில் சாயங்காலம் ஒரு மணி நேரம் கல்லாவில் உட்காருகிறார். மீதிச் சில்லறையை இடது கையால் அவரே எண்ணிக் கொடுக்கிறார்.